பதினொரு வருடம் ஒரே எண்

நாரஹேன்பிட்டியில் மூன்றாம் மாடி.
ஏசி பழுது. ஜன்னலைத் திறந்தால்
141ஆம் இலக்க பஸ்ஸின் புகை ஏறி வந்து
என் காட்டின் மேல் படிகிறது.

காடு என்றால் எக்செல்லில் ஒரு நிரல்.
இடப்பக்கம் வருடம், வலப்பக்கம் ஹெக்டேயர்.
நட்ட காடு மட்டும்.
தானாய் முளைத்தது வேறு கந்தோரின் கவலை.

ஐம்பது வருடத்துக்கு ஒரு கோடு கேட்டிருக்கிறார்கள்,
வெள்ளிக்கிழமைக்குள்.
அது ஏறலாம், இறங்கலாம்.
பணிப்பாளருக்கு ஏறுவதே விருப்பம்.

முதலில் ஏறத்தான் செய்கிறது.
மலைநாட்டில் பைன், யூக்கலிப்டஸ்,
வறண்ட பக்கத்தில் தேக்கு.
யாரோ கயிறு பிடித்து, யாரோ குழி வெட்டி,
யாரோ கூலிக்குக் கைநாட்டு வைத்து
கோடு நன்றாகவே நிமிர்கிறது.

பிறகு ஒரு வருடம்
இருந்தாற்போல ஒரு பாய்ச்சல்.
ஒரு கன்றும் நடவில்லை.
இறப்பரையும் காடென்று எண்ணச் சொல்லி
எங்கிருந்தோ ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறது.
பால் வெட்டுகிற பெண் விடிய எழும்பித்
தோட்டத்துக்குப் போனாள்,
காட்டிலிருந்து திரும்பி வந்தாள்.
சம்பளம் அதேதான்.

அதற்குப் பிறகு
பதினொரு வருடம் ஒரே எண்.
கடைசி இலக்கம்கூட அசையவில்லை.

பிழை என்று நினைத்து நிலந்தியைக் கூப்பிட்டேன்.
பழைய கோப்புகள் அவள் பொறுப்பு.
தூசு தட்டிப் புரட்டிவிட்டுச் சொன்னாள்:
"பிழையில்லை. ஒருத்தரும் போகவில்லை."
கொஞ்சம் நின்று,
"போக ஏலாது தானே."

ஒவ்வொரு ஜனவரியும் யாரோ
இந்தக் கதிரையில் இருந்து
போன வருடத்து எண்ணைப் பார்த்து
இந்த வருடத்துக்கு எழுதியிருக்கிறார்.
அவரில் எனக்குக் கோபமில்லை.
எங்கள் வெள்ளவத்தை வீட்டிலும்
தேர்தல் இடாப்புப் படிவம் வரும்போதெல்லாம்
அம்மா தம்பியின் பெயரைச் சேர்த்தே எழுதினா.
நான்கு பேர். நான்கு பேர்.
அடுத்த வருடமும் நான்கு பேர்.

முல்லைத்தீவுக்குப் போன் எடுத்தேன்.
கோணேஸ்வரன் என்று ஒரு வனக் காவலர்.
"தேக்கு நிக்குது, மிஸ். வரிசைதான் இல்லை.
இடையில பாலையும் வீரையும் வந்திட்டுது.
தறிச்ச அடியெல்லாம் திரும்பத் தளிர்த்து
ஒண்டு நாலாய் நிக்குது."

அப்படியென்றால் இது நட்ட காடா,
தானாய் வந்த காடா?

அந்தப் பக்கம் ஒரு லாண்ட்மாஸ்டர் கடந்து போகும் வரை
அவர் பேசவில்லை.
"நீங்கள்தான் சொல்ல வேணும்.
கட்டம் உங்களிட்டத்தானே இருக்கு."

வைக்கப் போனவர் திரும்ப,
"மொறட்டுவை ஆக்கள் வந்து பாத்திட்டுப் போட்டினம்.
வாங்க மாட்டினமாம்.
உள்ளுக்குள்ள இரும்பு. வாள் முறியுமாம்."

அன்று பின்னேரம் முழுக்க அந்த இரும்பே நினைவு.
அதைச் சுற்றி மரம்
மெல்ல மெல்ல ஒரு வளையம், பிறகு ஒரு வளையம்.
நாங்கள் எழுதாத பதினொன்றும் அங்கே இருக்கும்,
மழை பெய்த வருடம் அகலமாய்,
பெய்யாத வருடம் ஒடுக்கமாய்.
யாரும் பார்த்து எழுதியதல்ல.

பதினொரு கட்டத்தையும் அழித்தேன்.
கோடு நடுவில் அறுந்தது.

பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார்.
"இது என்ன, அச்சுப்பிழை மாதிரி?
இரண்டு முனையையும் இணைத்துவிடுங்கள், பிள்ளை.
ஒரு நேர்கோடு. யாருக்கு என்ன நட்டம்?"

புள்ளிக் கோட்டில் சமாதானமானோம்.
கீழே, பூதக்கண்ணாடிக்கு மட்டும் தெரியும் எழுத்தில்,
அடிக்குறிப்பு நான்கு: அளக்கப்படவில்லை.
அதையாவது விட்டுவைப்பார்களா தெரியாது.

ஐந்தரை பஸ்ஸில் இடம் கிடைத்தது.
ஹெவ்லொக் வீதிச் சந்தியில் சிவப்பு விளக்கு.
மேலே பெரிய மழைமரம் ஒன்று,
இலைகளை மூடிக்கொள்ளத் தொடங்கியிருந்தது.
அதையும் யாரோ நட்டுத்தான் இருப்பார்கள்.
எந்த நிரலில் போடுவது என்று
கை தானாகத் தேடியது.
பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.